பாகத்துக்காகக் காத்திருப்பு

அத்தியாயம் 17

கேட்டின் தாழ்ப்பாளில் புது எண்ணெய் மின்னியது.

மகள் போட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து நின்றபோது அவர் கண்ணெதிரே அந்தத் தாழ்ப்பாளைச் சாத்தியவளும் அவள்தான். துருப்பிடித்திருந்ததால் மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை ஒரே இழுப்பில் சாத்த வேண்டும் என்று எண்ணெய் போட்டிருக்கிறாள்.

பதினைந்து வயது. அப்பாவின் பிடிவாதம், அப்பாவின் வேலைச் சுத்தம்.

"டீ ஆறுது, குடிம்மா," என்றாள் மகள். "பரீட்சை எழுதப்போறது நீ. தூக்கம் போனது எனக்கு."

"எனக்கும்தான்."

"ஃபெயிலானா என்ன பண்ணுவ?"

"திரும்ப ஸ்டோருக்குப் போகணும்."

மகள் கோப்பையைக் கழுவப் போனாள். ஸ்டோர் என்ற சொல் வந்தால் இந்த வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மூன்றாம் லைனில், கன்வேயர் பெல்ட்டின் கடைக்கோடியில், ஒரு ஃபிட்டரின் சட்டைக் கை உருளையில் சிக்கியது. பெல்ட்டின் ஓரமாக நெடுக ஒரு கயிறு ஓடும். யார், எங்கே நின்று இழுத்தாலும் பெல்ட் நிற்க வேண்டும். அவர் இழுத்தார். பெல்ட் நிற்கவில்லை.

அந்த ஷிஃப்டின் ஃபோர்மேன் அவருடைய சொந்த அண்ணன். கயிறு கெட்டிருப்பது தெரிந்தும் லைனை ஓட்டச் சொன்னவர். விசாரணை அப்படித்தான் எழுதியது. பதவியைப் பறித்து, வாசலில் லாரிகளுக்கு எடை போடும் கொட்டகைக்கு அவரை அனுப்பினார்கள்.

வீடு எழுதிய தீர்ப்பு இன்னும் கடுமையானது. தம்பியை எடுக்கும் நேரத்துக்குக்கூட அவர் வந்து சேரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, கையெல்லாம் அழுக்கோடு வந்து நின்றார். "எங்கப்பாவைக் கொன்னதும் இல்லாம, வழியனுப்பவும் வரல," என்று மகள் எல்லார் முன்னாலும் சொன்னாள். அவர் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை.

ஃபிட்டரின் மனைவி அதே தொழிற்சாலையில் ஸ்டோர் எழுத்தர். துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே பராமரிப்புப் பிளானர் பயிற்சிக்கு மனுக் கொடுத்தாள். எதற்கு என்று மேலாளர் கேட்டார்.

"ஒரு ஸ்விட்சை அஞ்சு மாசமா ஏன் மாத்த முடியலன்னு எனக்குத் தெரியணும் சார்."

ஓராண்டுப் பயிற்சி. எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்துவது, யார் போவது, என்ன பாகம், என்ன கருவி, எத்தனை மணி நேரம். ஒருவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே இவ்வளவையும் தாளில் முடித்து வைப்பவர்தான் பிளானர். இன்று கடைசித் தேர்வு.

"பாஸானா உனக்கு என்ன வேணும்?" என்று மகளிடம் கேட்டாள்.

"நீ அழாம வரணும். அது போதும்."

*

தேர்வுக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் போன வாரமே கழன்றுகொண்டார். மீதி அவளும், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும், வயதில் மூத்த ஒருவரும். அவரைத் தொழிற்சாலை முழுக்க 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருப்பதை அவரே அடிக்கடி மறந்துவிடுவார்.

தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. உட்காராமலே பேசினாள்.

"ஆளுக்குப் பத்து பாக்கி வேலை. ரொம்ப நாளா மூடாம கிடக்கிற ஒர்க் ஆர்டர். கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டிருக்கு. இன்னும் தேவைன்னா பிளான் பண்ணுங்க. தேவையில்லன்னா மூடுங்க. ரெண்டுக்குமே காரணம் எழுதணும். ஏன் இத்தனை நாள் கிடந்துச்சு? எனக்கு அதுதான் வேணும். மூணு மணிக்கு வருவேன்."

"மேடம், உண்மையான காரணத்தை எழுதினா பாதிப் பேரு வேலை போயிடுமே," என்றார் கிரீஸ்.

"மீதிப் பாதியில நீங்க இருக்கிற மாதிரி எழுதுங்க."

கதவு மூடியது.

"பொண்ணுக்கு வாய் நீளம்," என்றார் கிரீஸ் மரியாதையோடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார். "இதைக் கேளுங்கம்மா. ரெண்டாம் நம்பர் பம்புல சத்தம் வருதுன்னு எழுதியிருக்கான். அந்தப் பம்பைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. சத்தம் மட்டும் பாக்கி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முதல் ஏழும் சுலபம். ஒரே வேலைக்கு இரண்டு உத்தரவு. மாற்றி முடித்தும் உத்தரவை மூடாமல் விட்ட ஒரு விளக்கு. இயந்திரத்தை நிறுத்த நேரம் கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போன ஒரு பேரிங். பேரிங்குக்கு ஆள், கருவி, நேரம் எல்லாம் எழுதி, அடுத்த மாத நிறுத்தத்தில் சேர்த்தாள். கை தன் போக்கில் வேலை செய்தது.

எட்டாவதைத் திறந்தாள்.

மூன்றாம் லைன் கன்வேயர். எழுதி 581 நாள்.

கோளாறு: கடைக்கோடி கயித்து ஸ்விட்ச் வேலை செய்யல. இழுத்தா பெல்ட் நிக்கல. சீக்கிறம் மாத்தணும். ஆள் 2. நேரம் ஒன்றரை மணி.

நிலை: பாகத்துக்காகக் காத்திருப்பு.

சீக்கிறம். கணவருக்கு எப்போதும் வல்லின ற. கல்யாணத்துக்கு முன் எழுதிய கடிதத்திலிருந்து கடைச் சீட்டு வரை. அவள் திருத்தினால், "அவசரத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுவோமே," என்பார்.

விபத்துக்கு மறுநாளே அந்த ஸ்விட்ச் வேறொரு அவசர உத்தரவில் மாற்றப்பட்டுவிட்டது. முதலில் எழுதிய உத்தரவை மூட யாருக்கும் தோன்றவில்லை. எழுதியவர் போய்விட்டார். எழுத்து காத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, கரன்ட் அடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" கிரீஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திக் கேளுங்க. குடுப்பாங்க. கேக்கறதுல தப்பில்ல."

"வேணாம்ண்ணா."

அவர் நாற்காலியை ஓசைப்படாமல் உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசையை அவள் பிடித்துக்கொண்டாள். பாகம் இல்லை என்று ஸ்டோர் சொன்னால் பிளானர் அதோடு விடக்கூடாது. தொழிற்சாலை எண்ணில் தேடினால் போதாது. தயாரித்த கம்பெனி அந்தப் பாகத்துக்குக் கொடுத்த எண்ணை எடுத்து, அதை வைத்தும் ஒரு முறை தேட வேண்டும்.

ஸ்டோரில் இருந்த காலத்தில் அவள் தொழிற்சாலை எண்ணில் மட்டும்தான் தேடியிருக்கிறாள். எத்தனை முறை என்று கணக்கில்லை. அவர் தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்பார்.

"கயித்து ஸ்விட்ச் வந்துச்சா?"

"வரல."

"ஸ்டோர்க்காரியைக் கட்டியும் எனக்கு ஒரு ஸ்விட்ச் கிடைக்கல பாரு."

"பொண்டாட்டின்னா சலுகை காட்டலாம். ஸ்டோர்னா வரிசையில நில்லுங்க."

மகள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. விற்ற கம்பெனிக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பினாள். அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. வந்து சேரவில்லை என்று மூன்றாவது முறை கோபமாகவே எழுதினாள்.

அலமாரியிலிருந்து கன்வேயரின் கையேட்டை எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் பாகங்களின் அட்டவணை. ஸ்விட்சின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள்.

ஒரே ஒரு வரி வந்தது.

கேபிள் புல் யூனிட். ரேக் கே-14. வரவு 2. பற்று 1. இருப்பு 1.

வரவு வைத்த தேதியைப் பார்த்தாள். உத்தரவு எழுதிய பத்தொன்பதாம் நாள். பதிந்தவர்: ஸ்டோர்-2.

ஸ்டோர்-2 அவள்தான்.

அந்த வாரம் நினைவுக்கு வந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறிய வாரம். வெளியே கொடுத்திருந்த ஆர்டர்களின் எண் எதுவும் புதியதில் இல்லை. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்ததோ அதையே பெயராக அடித்தாள். புது எண் கொடுத்தாள். கேபிள் என்று தொடங்கியதால் கேபிள் ரேக்குக்கு அனுப்பினாள். ஸ்விட்சைத் தேடுகிற எவரும் கேபிள் ரேக்குக்குப் போக மாட்டார்கள்.

பயிற்சியின் முதல் வாரப் பாடம் இதுதான். ஒரு பாகத்துக்குப் பெயர் வைக்கும்போது அது என்ன என்பதை முதலில் எழுது. எப்படிப்பட்டது என்பது அப்புறம். அந்தத் தேர்வில் அவளுக்கு இருபதுக்கு இருபது.

நாலு மாதத்துக்கு மேல் அந்த ஸ்விட்ச் அவளுடைய நாற்காலியிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருந்திருக்கிறது. தினமும் வரல, வரல என்று சொல்லியிருக்கிறாள்.

திரையை மூடிவிடத்தான் கை போனது. அப்போதுதான் பற்று 1 என்பது உறைத்தது. யாரோ ஒன்றை எடுத்திருக்கிறார்கள். அந்த வரியைத் திறந்தாள்.

தேதி, விபத்துக்கு மறுநாள். அவரை எடுத்த நாள். நேரம் காலை 7.40. பெற்றவர் பெயருக்குப் பதில் ஒரு டோக்கன் எண். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். கணவருடைய எண்ணுக்கு முந்தின எண். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

*

கே-14 அடித்தட்டு. கேபிள் சுருள்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. முன்பக்கம் எழுத்து. ஓரத்தில் சின்னதாக ஒரு படம்: ஸ்விட்ச், அதன் காதில் கட்டிய கயிறு.

எழுத்து கேபிள் என்றது. படம் ஸ்விட்ச் என்றது. அன்று அவள் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பெட்டியை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். சாப்பாட்டு நேரம். எடைமேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. கொட்டகை ஜன்னல் வழியாக அவர் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

மகளுக்குப் பெரியப்பா. அவளுக்கு மாமா. பதினான்கு மாதமாக அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. பெட்டியை அவர் மேசை மேல் வைத்தாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு அங்கேயேதான் இருந்துச்சா," என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"உக்காரும்மா."

"எடுக்கிற அன்னைக்குக் காலையில ஏழு நாப்பதுக்கு அங்க போயிருக்கீங்க."

லாரி ஹாரன் அடித்தது. அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "கீழ இறங்குப்பா. நீ உள்ள உக்காந்திருந்தா உன் எடையும் சேர்ந்துக்கும்." டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பெரியப்பா எடையைப் படித்து, எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். லாரி போனது.

"மத்தியானத்துக்குள்ள லைன் ஓடணும்னாங்க," என்றார். "ஓட்டச் சொன்னா எவனாவது ஒருத்தன் போவான். தற்காலிகமா ஒயர் இழுத்தாவது கயித்தைச் சரி பண்ணிடலாம்னு கேபிள் எடுக்கப் போனேன். ரெண்டு சுருளை நகத்தினேன். பின்னால இது."

அவர் பெட்டியின் ஓரத்தை விரலால் தடவினார்.

"கொஞ்ச நேரம் தரையிலயே உக்காந்துட்டேன். அப்புறம் கொண்டுபோய் மாட்டினேன். எட்டரைக்கு ஆரம்பிச்சேன். ஒன்றரை மணி நேரம்னு அவன் எழுதியிருந்தானே, பத்து மணிக்கு முடிச்சிட்டு ஓடி வந்துடலாம்னு கணக்குப் போட்டேன்."

"பதினோரு மணிக்கு எடுத்தோம்."

"தெரியும்மா. அவன் சரியாத்தான் எழுதியிருந்தான். ரெண்டு ஆளுன்னும் எழுதியிருந்தான். கூட வரச் சொல்லி யாரையும் கூப்பிட எனக்கு வாய் வரல. ஒத்த ஆளு. பதினொன்றரை ஆயிடுச்சு."

அவள் உட்கார்ந்தாள்.

"மூணு தடவை கயித்தை இழுத்துப் பாத்தேன். மூணு தடவையும் நின்னுது. நாலாவது தடவையும் இழுத்தேன். எதுக்குன்னு தெரியல."

வெளியே அடுத்த லாரி எடைமேடையில் ஏறியது. மேடை கிறீச்சிட்டது. அவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"ஏன் சொல்லல மாமா?"

சொல் வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"பெட்டி மேல ரேக் நம்பரைச் சுத்தி ஒரு வட்டம் இருக்குது பாரு. இந்த ஸ்டோர்ல அப்படி வட்டம் போடுறது நீ ஒருத்திதான். யார்கிட்டம்மா போய்ச் சொல்லுவேன்? உன்கிட்டயா, அன்னைக்கா?"

"விசாரணையில சொல்லியிருக்கலாமே. உங்க மேல மட்டும்..."

"என்னைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதலையே. கயிறு வேலை செய்யலன்னு தெரியும். தெரிஞ்சும் ஓட்டுன்னேன். ஸ்விட்ச் ரேக்குல இருந்தா என்ன, கப்பல்ல இருந்தா என்ன? லைனை நிறுத்தி வெச்சிருக்கணும். நிறுத்தல. அது என்னோடது. அதுல உன்னோடதையும் ஏத்தி எடை போட வேணாம்னு விட்டுட்டேன்."

"அந்த ஒர்க் ஆர்டர் இன்னைக்கு எனக்கு வந்திருக்கு. பரீட்சையில."

அவர் முகம் மாறியது.

"மூடிடு. வேற உத்தரவில முடிஞ்சதுன்னு போடு. பொய்யில்லையே."

"காரணம் கேக்கறாங்க."

"ஸ்டோர்ல இருப்பு இல்லன்னு போடு. அன்னைக்கு எல்லாரும் அதைத்தானே நம்பினோம்."

"அவ உங்க மூஞ்சியில கேட்டைச் சாத்துறா."

"சாத்தட்டும். அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும்மா. நான் கேட்டுக்கு வெளிய நிக்கிறவன். நின்னு பழகிடுச்சு. நீ உள்ள இருக்கிறவ. உன் மேல கோபம் வந்தா அந்தப் பிள்ளை எங்க போகும்?"

லாரிக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். "பரீட்சை முடியறதுக்குள்ள எழுதணும்ல. கிளம்பு."

*

காரணம் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டோரில் இருப்பு இல்லை, என்று அடித்தாள். மூன்று சொல். யாரும் திரும்பிக் கேட்க மாட்டார்கள். பாஸாகிவிடலாம். மகள் இரவு நிம்மதியாகத் தூங்குவாள். கேட்டுக்கு வெளியே நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார்.

அந்த மூன்று சொல்லை ஒரு பிளானராகப் படித்துப் பார்த்தாள்.

அந்த வாரம் அவள் பதிந்தது ஒரு பெட்டி அல்ல. ஸ்டோர்-2 என்று போட்டு, அந்த ஏழு நாளுக்குத் தேடினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே பெட்டியின் மேல் இருந்த பெயர். அவற்றில் எத்தனை வேறு ரேக்கில் கிடக்கின்றன? எத்தனை பேர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்? எத்தனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்துச்சா, வரல என்று பேச்சு நடக்கிறது?

மூன்று சொல்லையும் அழித்தாள்.

பாகம் பத்தொன்பதாம் நாளே வந்தது, என்று எழுதினாள். பெட்டியின் மேல் இருந்த பெயரிலேயே பதியப்பட்டதால் கேபிள் ரேக்கில் வைக்கப்பட்டது. இருப்பு இல்லை என்று தவறாகச் சொல்லப்பட்டது. பதிந்தவர் ஸ்டோர்-2. அதே வாரத்தில் ஸ்டோர்-2 பதிந்த 212 பெட்டிகளையும் உடனே திறந்து சரிபார்க்க வேண்டும். ஆள் 2. நேரம் 16 மணி.

ஆள் 2 என்பதை ஒரு முறை திரும்பப் படித்தாள்.

தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். பிறகு மூடு என்பதை அழுத்தினாள். மூடலாமா, திரும்பத் திறக்க முடியாது, என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றாள். பட்டியலில் எட்டாவது வரி மறைந்தது. ஒன்பதாவது அதன் இடத்துக்கு ஏறி வந்தது.

மூன்று மணிக்குத் தேர்வாளர் வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். வரிசையாகப் படித்தாள். எட்டாவதில் நின்றாள். மேசையில் கிடந்த விண்ணப்பத்தை இழுத்து, முன்பு பார்த்த வேலை என்ற இடத்தில் விரலை வைத்தாள். கணவர் பெயர் என்ற இடத்துக்கு விரல் போனது. அங்கிருந்து திரைக்குப் போனது. ஒர்க் ஆர்டரை எழுதியவர் பெயர் அங்கே இருந்தது.

கிரீஸ் இருமினார். யாரும் திரும்பவில்லை.

"இதை நான் மேல அனுப்பியாகணும்."

"தெரியும் மேடம்."

"விசாரணையைத் திரும்பத் திறப்பாங்க. உங்களுக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும்."

தேர்வாளர் பேனாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"பத்துல இது ஒண்ணுக்குத்தான் முழு மார்க் போட்டிருக்கேன்," என்றாள். கையெழுத்துப் போடும்போது தலை நிமிரவில்லை. "நீங்க பாஸ்."

வெளியே நடைவழியில் கிரீஸ் பின்னாலேயே வந்தார். "என்னையும் தேத்திட்டாங்க. பத்துக்கு ஆறு. பம்புச் சத்தத்தை நான் சரியா மூடலையாம்." சிரிக்கப் பார்த்தார். அது பாதியிலேயே நின்றது. "தங்கச்சி," என்றார். இத்தனை வருஷத்தில் முதல் முறை. "அந்த 212-க்கு ரெண்டாவது ஆள் நான். எழுதிக்கோங்க."

*

ஐந்தரை மணிக்கு மகள் கேட்டருகில் நின்றிருந்தாள்.

"பாஸா?"

"பாஸ்."

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பை இடையில் நசுங்கியது. "பிளானரம்மா! இனிமே நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்னு தாள்ல எழுதிக் குடுப்பியா?" விலகி, முகத்தைப் பார்த்தாள். "அழாம வரணும்னு சொன்னேன்ல?"

"அழல."

உண்மைதான். இன்னும் அழவில்லை.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, டீக்குத் தண்ணீர் வைத்தாள். மடித்து வைத்திருந்த தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"உங்கப்பா எழுதினது. இன்னைக்குப் பரீட்சையில எனக்கு வந்துச்சு."

மகள் குனிந்தாள். விரல் ஒரு சொல்லில் போய் நின்றது.

"சீக்கிறம்!" சத்தமாகச் சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. "அப்பாவைத் திருத்தவே முடியாதும்மா."

விரல் கீழே இறங்கியது. சிரிப்பு உதட்டில் இருந்தபடியே இருந்தது, விரல் மட்டும் மெதுவானது.

"பத்தொன்பதாம் நாளே வந்துச்சா? அப்போ ஸ்விட்ச் அங்கேயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரும்மா இந்த ஸ்டோர்-ரெண்டு?"

தண்ணீர் கொதித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான்."

பிறகு நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னாள். பெட்டி. பெயர். ரேக். மறுநாள் காலை கேபிள் தேடிப் போன பெரியப்பா. ஒன்றரை மணி நேர வேலை, ரெண்டு ஆள். ஒத்த ஆளுக்கு மூணு மணி நேரம். நாலு தடவை இழுத்த கயிறு. கையில் இருந்த அழுக்கு. எதையும் குறைக்கவில்லை, எதையும் கூட்டவில்லை. தெரிந்தே ஓட்டச் சொன்னேன் என்று அவர் சொன்னதையும் விடவில்லை.

மகள் அழவில்லை. மேசையின் மூன்றாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் சாப்பிடும்போது அப்பா கேப்பாரு," என்றாள். "நீ வரலம்ப."

"ஆமா."

"நானும் இங்கதான் உக்காந்திருந்தேன்."

"ஆமா."

"நானும் சிரிச்சேன்."

அவள் மேசையின் குறுக்கே கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. எழுந்தாள். தாளை எடுத்தாள். அப்பா மடிக்கிற மாதிரி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

செருப்பு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் ஓசைப்படுமா என்று காதைத் தீட்டினாள். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது தெரு காலியாக இருந்தது. இடது பக்கம் போனால் பஸ் நிறுத்தம். வலது பக்கம், இரண்டு தெரு தள்ளிப் பெரியப்பா வீடு. எந்தப் பக்கம் திரும்பினாள் என்று தெரியவில்லை.

கேட் முழுசாகத் திறந்து கிடந்தது. பழக்கத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போனது. விரலில் எண்ணெய் ஒட்டியது.

அவள் கேட்டைச் சாத்தவில்லை.